பிராசஸரின் வேகத்தைக் கூட்டும் முன்

ரிச்சி தெருவில் பழைய ஐ5 2500கே பிராசஸர் வாங்கிவந்த மாணவர்கள், அதன் வேகத்தைக் கூட்டலாமா என்று நம்மிடம் கேட்கிறார்கள். கூட்டலாம். 2011-இல் வந்த இந்தச் சிப்பின் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், 100 மெகாஹெர்ட்ஸை 33-ஆல் பெருக்கிய கணக்கு அது. பெயரில் 'கே' இருப்பதால் அந்தப் பெருக்கெண்ணை மாற்றலாம். மதர்போர்டும் இடம் தரவேண்டும்: பி67, இசட்68 தரும், மலிவான எச்61 தராது. இதைக் கேட்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

பயாஸில் பெருக்கெண்ணை ஒவ்வொன்றாகவே ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும், பிராசஸரை முழு மூச்சில் வேலைவாங்கும் பிரைம்95-ஐச் சில மணி நேரம் ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். 80 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினால், வேகம் மாறாவிட்டாலும் சூடு சுமார் 21 சதவீதம் ஏறும். டிசம்பர் இரவில் தேறிய கணினி, ஏசி இல்லாத மயிலாப்பூர் அறையில் கத்திரி வெயிலுக்குத் தடுமாறும். ஆகவே மே மாத மதியத்தில் மீண்டும் சோதியுங்கள்.

கணினி நின்றுபோனால் தெரிந்துவிடும். நிற்காமல் தவறாகக் கூட்டினால் தெரியாது. சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறங்கிவிடுங்கள். நம் அலுவலகக் கணினியில் நாங்கள் இதைச் செய்வதில்லை. ஜகாத் கணக்கு அதில்தான் இருக்கிறது.