கரும்புத் தீவுகளில் அரிசியின் விலை



கரீபியன் கடல் தீவுகளுக்கு வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்ல எண்ணும் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்து இளைஞர்கள் முதலில் கேட்பது, அங்கே மாதம் எவ்வளவு செலவாகும் என்பதுதான். அதற்கு ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தத் தொகை ஏன் அவ்வளவாகிறது என்று தெரியாதவருக்கு, ஊர் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது உதவாமல் போய்விடும். ஒரு நாட்டின் மளிகை விலையைக் கடைக்காரரின் இலாபம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த நிலத்தில் எது விளைகிறது, யாருக்காக விளைகிறது, அங்கிருப்போர் உண்பதற்கு வேண்டியது எங்கிருந்து வருகிறது என்ற மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. கரீபியனில் இம்மூன்றுக்கும் விடையெழுதியவர்கள் கரும்புத் தோட்ட முதலாளிகள்; அவர்களுடைய ஆலைகள் பெரும்பாலும் மூடப்பட்ட பின்னும் அந்த விடை முழுதாக மாறவில்லை.

காவிரிப் படுகையில் வளர்ந்தவரின் விலையுணர்வு வேறுவகையானது. 2011 ஜூன் முதல் தமிழக அரசு அரிசி அட்டைக்கு மாதந்தோறும் அரிசியை விலையின்றி வழங்கிவருகிறது. காய்கறி உழவர் சந்தையில் கிடைக்கிறது. கறிவேப்பிலை கொசுறாகவே வந்துவிடுகிறது. இன்னும் பின்னோக்கிப் போனால் கூலியே நெல்லாக அளக்கப்பட்ட காலம் வரும். பண்ணையாள், அதாவது மிராசுதாரின் நிலத்தோடு கட்டுண்டு ஆண்டு முழுதும் உழைத்த தொழிலாளி, மரக்கால் கணக்கில் நெல்லை வாங்கினார். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். 1952இல் சென்னை அரசு தஞ்சைக் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்குமாகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியபோதும், கூலியை நெல் அளவிலேயே வரையறுத்தது. சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் நெற்கூலி வாங்குபவரின் சோறு ஓரளவு மாறாதிருக்கும் என்பது அம்முறையின் ஒரே நன்மை. படியளப்பவன் கையிலேயே வயிறும் இருந்ததால் அவனை எதிர்த்துப் பேச முடியாது என்பது அதன் மறுபக்கம். அம்முறையை ஏக்கத்தோடு நினைவுகூர்பவர்கள் இந்த மறுபக்கத்தைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இதே ஏற்பாடு கடல் கடந்து கரீபியனுக்கும் சென்றது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய இரு தீவுகளின் தோட்ட முதலாளிகள் கரும்பு வெட்ட ஆள் தேடினார்கள். 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட சுமார் முந்நூறு பேரை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு இறுதியில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் ஆள் கொண்டுசென்றது. அரசலாற்றின் கழிமுகத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் இந்த ஆள் ஏற்றுமதியின் முக்கியத் துறைமுகங்களுள் ஒன்றாகியது. அவ்வூரைச் சுற்றி இருந்ததெல்லாம் ஆங்கிலேயரின் தஞ்சை மாவட்டமாகையால், எல்லையைக் கடக்க ஒருவர் சில வரப்புகளைத் தாண்டினாலே போதுமானதாக இருந்தது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் ஆங்கில இந்தியாவிலும் வெளிப்படையாக ஆள் சேர்க்க வழி பிறந்தது. 1880களின் இறுதியில் இந்த ஏற்றுமதி நிற்பதற்குள் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் இந்தியாவிலிருந்து சென்றிருந்தனர்.

அவர்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கானது. மாதம் 26 நாள் வேலைக்கு ஆணுக்கு 12.50 பிராங்க், பெண்ணுக்கு 10 பிராங்க் என்பது பணக்கூலி. உணவு, உடை, குடியிருப்பு, மருத்துவம் ஆகியவை முதலாளியின் பொறுப்பு. இப்பட்டியலில் உற்று நோக்க வேண்டியது உணவுதான். தீவின் நல்ல நிலமெல்லாம் கரும்பாயிருந்ததால் படியளக்கப்பட்ட அரிசி கப்பலில் வந்தது. உடன் அளிக்கப்பட்ட மீனும், சுற்றிலும் கடல் இருந்தபோதிலும், வட அட்லாண்டிக்கில் பிடித்து உப்பிட்டு உலர்த்திய காட் மீன். தஞ்சையில் நாற்று நட்டவர் அங்கே கடல் கடந்து வந்த அரிசியை உண்டார். படியில் குறை வைத்தால் ஈடுகட்டுவதற்கு வேறு கடையோ வேறு முதலாளியோ இல்லை என்பதால், அளவு குறைந்தது, தரம் கெட்டது என்ற முறையீடுகள் அக்காலத்தில் ஓயாமல் எழுந்தன.

ஆங்கிலேயரின் டிரினிடாட்டிலும் பிரிட்டிஷ் கயானாவிலும் ஏற்பாடு சற்று வேறு. தொடக்க மாதங்களில் தோட்டமே அரிசியும் பருப்பும் தந்து அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டது. பிறகு தொழிலாளி தாமே கடையில் வாங்கி உண்ண வேண்டியிருந்தது. கூலி நிலையாக நிற்க அரிசி விலை ஏறினால் என்னவாகும் என்பதை அங்குள்ளோர் விரைவிலேயே கண்டுகொண்டனர். இந்திய அரசின் சார்பில் ஜேம்ஸ் மெக்நீலும் சிமன்லாலும் 1913இல் இந்நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை, கூலியோடு உணவுச் செலவையும் சேர்த்தே ஆராய்ந்தது. ஊரில் உள்ள கூலியைவிட அங்கே மூன்று மடங்கு என்று ஆள்சேர்ப்பவன் சொல்வதைச் சரிபார்க்க அதுவே சரியான வழி. அவ்வழி இன்றைய வேலைவாய்ப்பு முகவரின் வாக்குறுதிக்கும் பொருந்தும்.

தொழிலாளர்கள் கண்ட தீர்வு, அரிசியைத் தாங்களே விளைவிப்பது. 1869 முதல் டிரினிடாட் அரசு, ஊர் திரும்பும் கப்பல் உரிமையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு அதற்கு ஈடாக நிலம் கொடுத்தது. கரும்புக்கு ஆகாத கரோனிச் சதுப்புப் பகுதிகளில் அவர்கள் நெல் நட்டார்கள். கயானாவில் இது இன்னும் பெரிதாக வளர்ந்தது. அந்நாட்டின் கடற்கரைச் சமவெளி ஏற்றக் கடல்மட்டத்தைவிடத் தாழ்வானது. டச்சுக்காரர் காலத்தில் தொடங்கிய கடலணைகளும், வற்றத்தின்போது திறந்து நீரை வடியவிடும் மதகுகளுமே அதைக் காக்கின்றன. நீரைத் தேக்குவதைவிட வடியவிடுவதே பெரும்பாடு என்பது நாகை, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை உழவருக்கு விளக்காமலே விளங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயானா அரிசியை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது, முதல் உலகப் போரில் வெளி அரிசி வரத்துக் குறைந்தபோது கரீபியன் தீவுகளுக்கும் அளித்தது, இன்றும் அளிக்கிறது. ஆகவே டிரினிடாட்டிலோ பார்படோசிலோ புழுங்கலரிசி தேடுபவர் பாசுமதிப் பொட்டலத்துக்குக் காசைக் கொட்டுவதற்குமுன் கயானா அரிசியைக் கேட்பது நலம். துவரம்பருப்புக்கும் அலைய வேண்டியதில்லை. அங்கே ‘பருப்பு’ என்று எல்லார் வீட்டிலும் கொதிப்பது மஞ்சள் பட்டாணிப் பருப்பு, சாம்பாருக்கு அது போதும்.

இனி இன்றைய விலை. கரீபியன் கூட்டமைப்பு நாடுகளுள் பல, தங்கள் உணவில் பாதிக்கும் மேலாக வெளியிலிருந்தே வாங்குகின்றன. 2025க்குள் இந்த இறக்குமதியை 25 விழுக்காடு குறைப்பதென்று எடுத்த உறுதி, காலக்கெடு போதாமல் 2030க்குத் தள்ளிவைக்கப்பட்டது. மார்த்தினிக்கும் குவாதலூப்பும் இன்னும் பிரான்சின் பகுதிகள். அங்கே புழங்குவது யூரோ. பிரான்சின் புள்ளியியல் நிறுவனம் 2022இல் செய்த ஒப்பீட்டின்படி, உணவுப் பொருள்களின் விலை தாய்நாட்டைவிட மார்த்தினிக்கில் சுமார் 40 விழுக்காடும் குவாதலூப்பில் சுமார் 42 விழுக்காடும் கூடுதல். கப்பல் கூலி, இடைத்தரகர் அடுக்கு, சிறிய சந்தை ஆகியவற்றோடு, தீவுக்குள் வரும் சரக்கின்மேல் விதிக்கப்படும் ‘ஒக்த்ருவா த மேர்’ என்ற கடல்வரியும் இதற்குக் காரணம். பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய இவ்வரி இன்று ஊராட்சி அமைப்புகளின் முக்கிய வருவாய். இன்னொன்றும் உண்டு. அங்குள்ள அரசு ஊழியர்களுக்கு விலைவாசியின் பொருட்டு 40 விழுக்காடு கூடுதல் சம்பளம் கிடைக்கிறது. தனியார் கடையில் வேலை செய்பவருக்கு அது இல்லை. விலைப்பட்டியல் ஒன்று, அதைத் தாங்கும் தோள்கள் இரண்டு வகை என்ற இந்நிலையே 2009இல் குவாதலூப்பை 44 நாள் பொது வேலைநிறுத்தத்தில் முடக்கியது; 2024 செப்டம்பரில் மார்த்தினிக்கிலும் போராட்டம் வெடித்து, அக்டோபரில் சில ஆயிரம் பொருள்களின் விலையைச் சராசரியாக 20 விழுக்காடு குறைக்கும் உடன்பாட்டில் வந்து நின்றது.

புதிதாகச் செல்பவர் செய்யும் பெரும்பிழை, ஒவ்வொரு விலையையும் ரூபாயாக மாற்றிப் பார்த்துத் திகைப்பது. சம்பளத்தின் எத்தனை மணிநேரம் ஒரு வாரச் சமையலுக்குப் போகிறது என்று பார்ப்பதே பயனுள்ள கணக்கு. நாணயங்களையும் பிரித்தறிய வேண்டும்: பார்படோஸ் டாலர் இரண்டு சேர்ந்தால் ஓர் அமெரிக்க டாலர்; செயின்ட் லூசியா, கிரெனடா முதலிய தீவுகளில் புழங்கும் கிழக்குக் கரீபியன் டாலர் 1976 முதல் 2.70க்கு ஓர் அமெரிக்க டாலர் என்று நிலைநிறுத்தப்பட்டது. டிரினிடாட்டுக்கும் கயானாவுக்கும் தனித்தனி டாலர்கள். விலைச்சீட்டில் வெறுமனே ‘டாலர்’ என்றிருந்தால் எது என்று கேட்டுவிட வேண்டும். பிரெஞ்சுத் தீவுகளில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசும் வணிகர்களும் பேசி ஒட்டுமொத்த விலைக்கு உச்சவரம்பு வைத்த அன்றாடப் பொருள் தொகுப்பு ஒன்று உண்டு. பேரங்காடிகளில் தனிக் குறியிட்டு வைத்திருப்பார்கள்.

காய்கறிக்குப் பேரங்காடியைவிடச் சந்தையே மேல். ஜார்ஜ்டவுனின் போர்டா சந்தை போன்ற இடங்களில் பாகற்காய், காராமணி, பூசணி, சேம்பு, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் கிடைக்கும், சீமைப்பலா உருளைக்கிழங்கின் இடத்தை நிரப்பும். ஆயினும் உள்ளூரில் விளைந்தது என்றாலே நல்லது என்ற நம்பிக்கைக்குக் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் ஒரு வரம்பு உண்டு. வாழையைத் தாக்கும் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை அங்கே தெளிக்கப்பட்ட குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி எளிதில் சிதையாதது. பல தலைமுறைக்கு மண்ணிலேயே தங்கும். மரத்திலும் தண்டிலும் உயரக் காய்க்கும் சீமைப்பலா, வாழை முதலியவற்றில் அது பெரும்பாலும் ஏறுவதில்லை. மண்ணுக்குள் விளையும் சேம்பும் வள்ளியும் சர்க்கரைவள்ளியும் அதை ஈர்த்துக்கொள்கின்றன. மாசு மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று குவாதலூப்பின் கபெஸ்தேர்; தமிழ் வழியினர் கட்டிய சாங்கிக் கோயில் நிற்பதும் அங்கேதான். ஆகையால் சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கும் கிழங்கை வாங்குமுன் எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. கொல்லையில் தாமே பயிரிடுவோருக்கு அரசின் திட்டம் ஒன்று மண்ணைக் கட்டணமின்றிச் சோதித்துத் தருகிறது.