பின்சில்லு பிரேக் சூ மாற்றுவோம்

வயலால் வரும் வழியில் பின்னால் இருக்கும் மகன் கேட்கிறான்: “வாப்பா, பின் சில்லுல என்ன சத்தம்?” “அது ஒண்டுமில்ல மகன், மண் புகுந்திருக்கும்.” மண்ணாகவும் இருக்கலாம். ஆனால், தேய்ந்த பிரேக்கில் இரும்பும் இரும்பும் உரசும் சத்தமாகவும் இருக்கலாம். எது என்று கண்டறிவதும், தேய்ந்திருந்தால் வீட்டிலேயே மாற்றுவதும் இன்றைய பாடம்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோது, இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய இடங்களில் கடலோரத்தில் வாழ்ந்த பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. யுத்தத்தால் முன்னரே இடம்பெயர்ந்தோரும் உண்டு. வீடு ஓரிடம், வட்டை வேறோரிடம் என்றாகிவிட்டால், உரப் பையும் விதைநெல்லும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் மோட்டார் சைக்கிளில்தான். ஆகவே அதன் பிரேக் முழுக் குடும்பத்தின் காரியம்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

காரின் முன் சில்லில் ஓர் இரும்புத் தட்டை இரண்டு பேட்கள் இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும். நமது சாதாரண மோட்டார் சைக்கிளின் பின் சில்லில் இருப்பது டிரம். அதனுள்ளே பிறை வடிவில் இரண்டு சூ உண்டு. காலால் மிதித்ததும் கம்பி இழுபட்டு, ‘கேம்’ என்னும் சிறு துண்டு திரும்பி, இரண்டு சூவையும் விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். சூவின் மேல் ஒட்டியுள்ள லைனிங் தேய்ந்தே சில்லை நிறுத்துகிறது. எனவே லைனிங் தேய்வது பழுதல்ல. தேய்ந்தபின் மாற்றாமல் ஓடுவதே பிழை. வட்டைச் சேறும் கடற்கரை மணலும் அதை விரைவாகத் தேய்க்கும்.

எப்போது மாற்ற வேண்டும்?

பிரேக் கையில் ஓர் அம்புக்குறியும், அருகே மூடியில் ஓர் அடையாளமும் பல வண்டிகளில் உண்டு. பெடலை முழுவதும் மிதிக்கும்போது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டால் சூ முடிந்துவிட்டது. லைனிங் 2 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலும் மாற்றுங்கள். சரிக்கட்டும் நட்டை இறுக்கி இறுக்கி முடிவுக்கு வந்துவிட்டால் அதுவும் ஓர் எச்சரிக்கை.

தேவையானவை

வண்டியின் பெயரும் மாதிரியும் சொல்லி வாங்கிய புதிய சூ ஒரு சோடி, ஸ்பிரிங், புதிய கொட்டர் பின், ஸ்பனர், பிளையர், கிரீஸ், சான்ட் பேப்பர், சவர்க்காரத் தண்ணீர், பழைய துணி.

செய்முறை

1. வண்டியை இறுகிய தரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மணலில் நிறுத்தினால் சரியும். டிரம் ஆறும்வரை பொறுங்கள்.

2. பிரேக் கம்பியின் முனையிலுள்ள நட்டைக் கழற்றிக் கம்பியை விடுவியுங்கள். ஸ்பிரிங்கும் சிறு உருளைத் துண்டும் தொலையக்கூடாது. மூடியைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையின் கொட்டர் பின்னையும் நட்டையும் கழற்றுங்கள்.

3. செயின் சரிக்கட்டும் இடத்தில் இரு பக்கமும் எத்தனையாம் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின் அச்சின் நட்டைக் கழற்றி அச்சை உருவுங்கள். வொஷர், புஷ் எல்லாவற்றையும் கழன்ற ஒழுங்கிலேயே துணியில் அடுக்குங்கள். பல வண்டிகளில் செயின் பல்சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். சில்லைப் பக்கவாட்டில் இழுத்தால் விடுபடும்.

4. மூடியைச் சூக்களோடு வெளியே எடுங்கள். உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றுப் பம்பாலோ ஊதக் கூடாது. லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரவல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

5. இரண்டு சூவையும் நூல் மடிப்பதுபோல் உள்நோக்கி மடித்துத் தூக்கினால் ஸ்பிரிங்கோடு வெளிவரும். ஸ்பிரிங் பாயாமல் இருக்கத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளவு ஒன்றா என்று பாருங்கள்.

6. டிரம்மின் உட்சுவரைப் பாருங்கள். பளபளப்பு மட்டும் என்றால் சான்ட் பேப்பரால் இலேசாகத் தேய்த்துத் துடைத்தால் போதும். ஆழமான கோடு, வெடிப்பு இருந்தாலோ, டிரம்மில் பொறித்துள்ள உச்ச அளவை விஞ்சிவிட்டாலோ, கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

7. கேமிலும் எதிர்ப்பக்கக் குற்றியிலும் மிக மெல்லிதாகக் கிரீஸ் பூசுங்கள். லைனிங்கிலோ டிரம்மிலோ கிரீஸ் படக் கூடாது. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின் புதிய சூவைத் தொடுங்கள்.

8. புதிய சூக்களை ஸ்பிரிங் கொழுவி, மடித்தபடியே வைத்து, அழுத்தி விரியுங்கள். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, சோடியாகவே மாற்றுங்கள்.

9. மூடி, சில்லு, புஷ், அச்சு என்று கழற்றியதற்கு எதிர் ஒழுங்கில் பூட்டுங்கள். இரும்புப் பட்டையைப் பூட்டிப் புதிய கொட்டர் பின் போடுங்கள். இது விடுபட்டால் பிரேக் பிடிக்கும்போது மூடியே சுழன்றுவிடும். செயினைக் குறித்த கோட்டில் நிறுத்துங்கள். பிரேக் கம்பியை மாட்டி, பெடலை ஒருவர் மிதித்தபடி இருக்க, மற்றவர் அச்சு நட்டை இறுக்கட்டும். அப்போது சூக்கள் நடுவில் அமரும்.

10. பெடல் 20 முதல் 30 மில்லிமீற்றர் வெறுமனே இறங்கியபின் பிடிக்கத் தொடங்குமாறு நட்டைச் சரிக்கட்டுங்கள். பெடலை விட்டதும் சில்லு தடையின்றிச் சுழல வேண்டும். மிதித்தால் பின் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

ஓட்டுமுன்

முதலில் கையால் தள்ளிப் பிரேக் பிடித்துப் பாருங்கள். பின் வெறுமையான இடத்தில், தனியாக, மெதுவாக ஓடிப் பாருங்கள். புதிய லைனிங் டிரம்மோடு பொருந்தச் சில நாட்கள் செல்லும். அதுவரை நெல் மூடையும் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம். வாய்க்கால் தண்ணீரில் இறங்கி ஏறிய பின் பிரேக் பிடிக்காது. மெதுவாக ஓடிக்கொண்டே பெடலை இலேசாகச் சில தடவை மிதித்தால் உலரும்.

அச்சு நட்டு இறுகியதா என்று சந்தேகம் இருந்தால், பிரதான வீதிக்கு ஏறுமுன் அனுபவமுள்ள பாஸ் ஒருவரிடம் காட்டுங்கள். அது வெட்கமல்ல. முன் சில்லில் எண்ணெயால் இயங்கும் தட்டுப் பிரேக் உள்ளவர்கள் அதை இந்தப் பாடத்தைக் கொண்டு கழற்ற வேண்டாம். அதன் முறை வேறு.

குழுவாகப் பேசுவதற்கு

1. உங்கள் வண்டியின் பிரேக் அம்பு இன்று எங்கே நிற்கிறது? எல்லோரும் போய்ப் பார்த்து வந்து சொல்லுங்கள்.

2. ஒரு செட் ஸ்பனரை நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கினால் யார் பொறுப்பாக வைத்திருப்பது?

3. பெரும்போக வேலை தொடங்குமுன் எல்லா வண்டிகளையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? உம்மாமாரும் மகள்மாரும் கூட இருந்து பழகட்டும். வண்டியில் பின்னால் இருந்து போகிறவர்கள் அவர்களும்தான்.