யமுனையின் மேல் ஒரு புதிய பாலம்

தில்லி மாநகரின் வடபகுதியில், யமுனை ஆற்றங்கரையில் அமைந்த ஊர் வசீராபாத். ஆற்றைக் கடந்து கிழக்குக் கரைக்குச் செல்ல, அப்பகுதி மக்கள் நெடுங்காலம் தடுப்பணையின் மேலமைந்த குறுகிய சாலையையே நம்பியிருந்தனர். 1997ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று காலையில், அவ்வழியே சென்ற பள்ளிப் பேருந்து ஒன்று ஆற்றில் விழுந்தது. 28 மாணவர்கள் உயிரிழந்தனர். அகலமான புதிய பாலம் வேண்டும் என்னும் கோரிக்கை அதன்பின் வலுப்பெற்றது.

பல ஆண்டுகள் கழித்துப் பணி தொடங்கியது. கரையோர மக்களின் கண்முன்னே பாலம் சிறுகச் சிறுக வளர்ந்தது. முதலில் அடித்தளம் இடப்பட்டது. ஆழத்தில் நடைபெறும் அவ்வேலை கரையில் நிற்போருக்குத் தெரியாது. ஆயினும் பாலத்தின் எடை முழுவதையும் தாங்குவது அதுவே. அடுத்துத் தூண்கள் எழுந்தன. பின்னர் எஃகினாலான கோபுரம் பகுதி பகுதியாக உயர்ந்தது. அதன் உயரம் 154 மீட்டர். அது குதுப்மினாரின் உயரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலாகும்.

பாலத்திற்குக் கோபுரம் எதற்கு? அதன் உச்சிப் பகுதியிலிருந்து இறங்கும் கம்பிவடங்களே பாலத்தளத்தைத் தாங்குகின்றன. முன்புற வடங்கள் தளத்தின் எடையால் கோபுரத்தை ஒரு பக்கம் இழுக்கின்றன. பின்புற வடங்கள் அதனை மறுபக்கம் இழுத்துப் பிடிக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் இரு அணியினரின் வலிமையும் சமமானால் கயிறு நகராது அன்றோ? கோபுரம் சாயாமல் நிற்பதும் அவ்வாறே. இவ்வமைப்பினால், கோபுரத்தின் முன்னே 251 மீட்டர் நீளத்திற்கு இடையில் தூணே இல்லை.

2018ஆம் ஆண்டு நவம்பர் 4 அன்று பாலம் திறந்து வைக்கப்பட்டது. ‘சிக்னேச்சர் பாலம்’ என்று அழைக்கப்படும் அதன் நீளம் 675 மீட்டர். அதில் எட்டு வழித்தடங்கள் உள்ளன. விபத்து நிகழ்ந்த ஆண்டில் முதல் வகுப்பில் படித்த குழந்தை, பாலம் திறக்கப்பட்டபோது கல்லூரியை முடித்துப் பணிக்குச் செல்லும் வயதை எட்டியிருக்கும். அத்தனை காலம் காத்திருந்த மக்கள், இன்று அகன்ற சாலையில் யமுனையைக் கடக்கின்றனர்.

அருஞ்சொற்பொருள்

தடுப்பணை – ஆற்றுநீரைத் தேக்கக் குறுக்கே கட்டப்படும் அணை
எஃகு – உறுதிமிக்க இரும்பு வகை
கம்பிவடம் – எஃகுக் கம்பிகளைச் சேர்த்து அமைத்த தடித்த கயிறு
பாலத்தளம் – பாலத்தில் ஊர்திகள் செல்லும் மேற்பகுதி

பயிற்சி

1. வசீராபாத்தில் புதிய பாலம் தேவைப்பட்டது ஏன்?
2. கோபுரம் ஒரு பக்கம் சாயாமல் நிற்பது எவ்வாறு?
3. ‘சிறுகச் சிறுக’, ‘பகுதி பகுதியாக’ – இவற்றைத் தொடரில் அமைத்து எழுதுக.
4. உங்கள் குடியிருப்புக்கு அருகில் நடைபெறும் கட்டுமானப் பணி ஒன்றைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து சில நாள்கள் கவனித்து, கண்ட மாற்றங்களை ஐந்து தொடர்களில் எழுதுக.