ஹைபிரிட் காரும் ஒரு கம்ப்யூட்டர்தான்! வீட்டிலேயே செய்யக்கூடிய பராமரிப்பு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கு கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றவே பயமாக இருக்கும். "உள்ளே கை வைத்தால் ஏதாவது ஆகிவிடுமோ?" என்று தூசி அடைத்துப்போகும் வரை விட்டுவிடுவார்கள். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களிடமும் இதே பயத்தைப் பார்க்கிறேன். நான் கலிபோர்னியாவில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை செய்கிறேன். என்னிடம் இருப்பது பழைய காராக வாங்கிய 2010 மாடல் டொயோட்டா பிரியஸ். கம்ப்யூட்டரைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் காரையும் ஓரளவு தாங்களே கவனித்துக்கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஹைபிரிட் காரில் பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து வேலை செய்யும். எப்போது எது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள்தான். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ்தான் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார். நான் இங்கே சொல்பவை 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸுக்குப் பொருந்துபவை. உங்கள் கார் வேறு மாடல் என்றால் பாகங்கள் இருக்கும் இடம் மாறும். எனவே காருடன் வந்த கையேட்டை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

முதலில் பாதுகாப்பு

இந்தக் காரின் பெரிய பேட்டரி 201.6 வோல்ட். இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்குக் கொடுக்கிறது. இது உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம். இந்த மின்சாரம் போகும் கேபிள்கள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் எதைப் பார்த்தாலும் தொடாதீர்கள். கழற்றிப் பார்க்கும் ஆசை நமக்கு அதிகம்தான், ஆனால் இங்கே வேண்டாம்.

இன்னொரு விஷயம். டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிந்தால், சத்தமே இல்லாவிட்டாலும் கார் ஓடிக்கொண்டிருப்பதாக அர்த்தம். பேட்டரி சார்ஜ் குறைந்தால் இன்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகும். ஆகவே பானெட்டைத் திறந்து கை வைப்பதற்கு முன் காரை ஆஃப் செய்து, ஸ்மார்ட் கீயை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.

பின் சீட்டில் ஒரு சி.பி.யூ. ஃபேன்

சி.பி.யூ. ஃபேனில் தூசி படிந்தால் கம்ப்யூட்டர் சூடாகும், வேகம் குறையும், கடைசியில் அணைந்துவிடும். பிரியஸின் பெரிய பேட்டரிக்கும் இதே கதைதான். டிக்கிக்கு அடியில் இருக்கும் அந்தப் பேட்டரியைக் குளிர்விக்க ஒரு ஃபேன் உண்டு. அது காருக்குள் இருக்கும் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. பின் சீட்டின் பக்கத்தில் சிறிய பிளாஸ்டிக் கிரில் தெரியும். அதுதான் காற்று நுழையும் வழி. அது என்ன என்று தெரியாமலேயே பலர் அதை மறைத்துப் பையையும் துணியையும் வைத்துவிடுகிறார்கள்.

என் அலுவலக நண்பர் ஒருவர் தினமும் தன் நாயைப் பின் சீட்டில் அழைத்துப் போவார். அவர் காரின் கிரில்லில் வாக்குவம் கிளீனரை வைத்தபோது வந்த முடியை வைத்து ஒரு தலையணையே தைத்திருக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கிரில்லை வாக்குவம் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பேட்டரி தொடர்ந்து சூடானால் அதன் ஆயுள் குறையும். புதிய பேட்டரி மாற்ற ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். உள்ளே இருக்கும் ஃபேனையே சுத்தம் செய்ய வேண்டுமானால் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்குகளைக் கழற்ற வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

காரின் டாஸ்க் மேனேஜர்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. டேஷ்போர்டுக்குக் கீழே ஓட்டுநர் பக்கத்தில் ஓ.பி.டி. என்ற சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். இ.எல்.எம்.327 வகை புளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கி அதில் செருகி, மொபைலில் 'டாக்டர் பிரியஸ்' என்ற அப்ளிகேஷனை நிறுவிக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் அடாப்டர் அதற்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்கவும்.

இப்போது பேட்டரியின் வெப்பநிலை, ஃபேனின் வேகம் எல்லாம் திரையில் தெரியும். இந்தப் பேட்டரியில் 28 மாட்யூல்கள் உள்ளன. இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்குகளாகக் காரின் கம்ப்யூட்டர் அவற்றைக் கண்காணிக்கிறது. 14 பிளாக்குகளின் வோல்டேஜும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காரை ஓட்டும்போது ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட எப்போதும் அதிகமாக இறங்கி ஏறினால் அது பலவீனமாகி வருகிறது. (ஓட்டும்போது திரையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.) எச்சரிக்கை விளக்கு எரிந்து பி0ஏ80 என்ற கோடு வந்தால், பெரிய பேட்டரி பழுது என்று காரே சொல்கிறது. ஒர்க்‌ஷாப்பில் "பேட்டரி போய்விட்டது" என்று சொன்னால் இந்த எண்களைக் காட்டிப் பேசலாம். வெறுங்கையோடு போவதைவிட இது எவ்வளவோ மேல்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். கார் நிற்கும்போதும் அது மின்சாரம் எடுக்கும்.

எந்தப் பேட்டரியிலிருந்து? 12 வோல்ட் சிறிய பேட்டரியிலிருந்து. கார் 'இறந்துபோக' பெரும்பாலும் காரணம் இதுதான். பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும், கம்ப்யூட்டர்களை எழுப்பிப் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேயை இயக்குவது சிறியதுதான். 'ரெடி' நிலையில் மட்டுமே அது சார்ஜ் ஆகும். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் சீக்கிரம் காலியாகும். காரை ஆஃப் செய்து சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. ஆனால் அது காலியானால் மின்சாரப் பூட்டுள்ள டிக்கிக் கதவு திறக்காது! பதற வேண்டாம். ஸ்மார்ட் கீக்குள் இருக்கும் சிறிய சாவியால் முன் கதவைத் திறந்து பானெட்டைத் தூக்குங்கள். ஃபியூஸ் பெட்டிக்குள் ஜம்ப் ஸ்டார்ட் செய்வதற்கென்றே ஒரு முனை உண்டு. சிவப்பு கேபிள் அதற்கு, கறுப்பு கேபிள் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதிக்கு. மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸ்களோடு போகாது, செலவு பெரிதாகிவிடும். உங்கள் ஹைபிரிட்டை வைத்து இன்னொருவர் காரை ஸ்டார்ட் செய்யவும் முயலாதீர்கள். புதிய பேட்டரி வாங்கும்போது வாயு வெளியேறும் குழாயைப் பொருத்த வசதியுள்ள ஏ.ஜி.எம். வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கூலன்ட்டை மறக்க வேண்டாம். இன்ஜினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று என இரண்டு தொட்டிகள் உண்டு. கார் குளிர்ந்திருக்கும்போது இரண்டிலும் அளவுக் கோட்டைப் பாருங்கள். குறைந்தால் டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நிறக் கூலன்ட்டையே ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் 0டபிள்யூ-20, ஃபில்டருடன் மாற்றினால் 4.2 லிட்டர்.

காருக்கும் அப்டேட் உண்டு. 2014 பிப்ரவரியில் டொயோட்டா, உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் மூன்றாம் தலைமுறை பிரியஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. இன்வெர்ட்டரில் உள்ள டிரான்சிஸ்டர்கள் அதிகம் சூடாகிக் கார் நடுவழியில் நின்றுவிடலாம் என்பது காரணம். அதற்குத் தீர்வு ஒரு சாஃப்ட்வேர் மாற்றம்! பழைய கார் வாங்கியவர்கள் இது செய்யப்பட்டதா என்று பார்ப்பது அவசியம். அமெரிக்காவில் இருப்பவர்கள் என்.எச்.டி.எஸ்.ஏ. இணையதளத்தில் காரின் 17 இலக்க வின் எண்ணை டைப் செய்தால் பாக்கி இருக்கும் ரீகால்கள் தெரியும்.

பிரேக்கை மட்டும் நான் தொடுவதில்லை. கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் இயங்கி அழுத்தம் ஏற்றும் அமைப்பு இது. பேடைக் கழற்றியிருக்கும் நேரத்தில் அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டுவிடும். அந்த வேலைக்கு டொயோட்டா ஸ்கேன் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்புக்கே போய்விடுகிறேன்.