தண்டல் அட்டையில் ஒரு தனிவட்டிக் கணக்கு



தனிவட்டி பாடம் நாம எல்லாரும் படிச்சதுதான். அசல், காலம், வட்டி வீதம் மூன்றையும் பெருக்கி நூறால் வகுக்கணும். ஆனால் புத்தகத்துக் கணக்கில் வருகிற ராமு எப்பவும் வங்கியில்தான் கடன் வாங்குவார். "ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் 3 ஆண்டுகளுக்கு" என்று எல்லாம் ஒழுங்காகக் கொடுத்திருக்கும். நம்ம ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "மூணு வட்டிக்கு வாங்கினேன்", "அஞ்சு வட்டி கேக்கறாங்க" என்றுதான் பேசுவாங்க. புத்தகக் கணக்கையும் ஊர்க் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்க்காததால் எவ்வளவு பணம் போகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். மாதம் என்பதை யாரும் வாயால் சொல்ல மாட்டாங்க, நாமாகச் சேர்த்துக்கொள்ளணும். 12 மாதத்துக்கு 36 ரூபாய். அதாவது புத்தகப் பாஷையில் ஆண்டுக்கு 36 சதவீதம். எங்க பக்கத்து வீட்டு ஆயா ஒருநாள் நகையை எங்கே வைப்பது என்று கேட்டாங்க. "பேங்க்ல பத்துங்கறாங்க, அடகுக்கடையில ரெண்டுங்கறாங்க. ரெண்டுதானே கண்ணு கம்மி?" என்றார்கள். சிரிக்காதீங்க, நானும் முதலில் தலையை ஆட்டிட்டேன். வங்கியில் சொன்ன பத்து வருஷத்துக்கு. கடையில் சொன்ன ரெண்டு மாதத்துக்கு. 50,000 ரூபாய்க்குப் போட்டுப் பாருங்க. வங்கியில் ஒரு வருஷ வட்டி 5,000 ரூபாய். அடகுக்கடையில் 12,000 ரூபாய்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் தண்டல். இதை எங்க அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ, இன்னும் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்னாங்க.

எங்க அம்மா பூ வியாபாரம். பூ மார்க்கெட்டில் விடிகாலையில் காசு கொடுத்தால்தான் பூ கிடைக்கும். அதனால் முதலுக்காகத் தண்டல் வாங்கினாங்க. 10,000 ரூபாய் தண்டல். கையில் கொடுத்தது 8,500 ரூபாய். 1,500 முன்னாடியே பிடிச்சுக்கிட்டாங்க. தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். ஒரு சின்ன அட்டை கொடுப்பாங்க, கட்டின நாளுக்கெல்லாம் அதில் கையெழுத்து போட்டுத் தருவாங்க. மழை பெய்து வியாபாரம் இல்லாத நாளில் அந்த நூறு ரூபாய்க்கு அம்மா பக்கத்து வீட்டில் கைமாத்து கேட்டு நின்றதை நான் பார்த்திருக்கேன்.

"இதுக்கு வட்டி எவ்வளவும்மா?" என்று கேட்டால், "வட்டியெல்லாம் இல்ல கண்ணு, முன்னாடி பிடிச்சாங்களே அதோட சரி" என்றாங்க. அந்த 1,500 ரூபாய்தான் வட்டி என்று அம்மாவுக்குத் தோணவே இல்லை. முன்னாடியே போய்விட்டதால் அது கடன் கணக்கிலேயே சேரவில்லை.

நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். அம்மா கையில் இருந்தது 8,500தான், அதனால் அசல் 10,000 இல்லை, 8,500. அதுவும் 100 நாளும் அப்படியே கையில் இருக்கவில்லை. தினம் நூறு குறைகிறது. முதல் நாள் 8,500, கடைசி நாள் ஒன்றுமில்லை. சராசரி பார்த்தால் பாதி, 4,250 ரூபாய். இந்த 4,250-க்கு 100 நாள் வட்டி 1,500. அப்போ 30 நாளுக்கு 450. நூற்றுக்கு எவ்வளவு என்று வகுத்தால் 10 ரூபாய் 58 காசு வருது. கணக்கு டீச்சரிடம் காட்டினேன். சராசரி எடுத்ததால் கொஞ்சம் கூட வருகிறது, சரியாகப் போட்டால் பத்துக்குப் பக்கத்தில் வரும் என்று சொன்னாங்க. எப்படிப் பார்த்தாலும் பத்து வட்டி. ஆண்டுக்கு 120 சதவீதம்! பத்து வட்டி என்று யாராவது வாயைத் திறந்து கேட்டிருந்தால் அம்மா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாங்க. தினம் நூறு என்று சொன்னதால் போனாங்க.

இனிமேல்தான் முக்கியமான இடம். 70 நாள் கட்டி முடித்திருந்தாங்க. இன்னும் 30 நாள், 3,000 ரூபாய் பாக்கி. ஆயுத பூஜை வந்தது. அந்த நேரம் சாமந்தி விலை ஏறும், முதல் நிறைய வேணும். தண்டல்காரரே வந்து கேட்டார். "புதுசா ஒரு பத்து போட்டுக்கலாம்க்கா. பழைய பாக்கி மூவாயிரத்தை அதுலயே கழிச்சுக்கலாம். நீங்க எப்பவும் போல நூறுதானே கட்டப் போறீங்க?" என்றார். கேட்கும்போது உதவி மாதிரியே இருந்தது. 10,000-ல் 1,500 பிடித்தம், 3,000 பழைய பாக்கி. கையில் 5,500 வரும்.

அன்று ராத்திரி நான் மறுபடி நோட்டை எடுத்தேன். புதுசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அடுத்த 30 நாள் நூறு நூறு கட்டித்தான் ஆகணும், அது பழைய கடன். புதுசு வாங்கினால் அதற்கு மேல் இன்னும் 70 நாள் கட்டணும். 70 நாளுக்கு 7,000 ரூபாய். அதாவது 5,500 வாங்கிக்கொண்டு 7,000 கட்டுகிறோம். முன்னே 8,500-க்குப் போன அதே 1,500 இப்போ 5,500-க்கே போகுது. ஏன் என்றால், பழைய 3,000-க்கு முதல் தண்டலிலேயே வட்டி கொடுத்தாச்சு. புதுசில் அதே 3,000-க்கு இரண்டாம் முறை வட்டி பிடிக்கிறாங்க. அம்மாவுக்கு இதை மூணு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூணாம் தடவை தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டினேன். அப்போ அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இதுக்கு முன்னாடி இரண்டு தடவை இப்படிக் கழிச்சு வாங்கியிருக்காங்களாம்.

தண்டல்காரரை மட்டும் திட்டினால் போதாது என்பது என் கருத்து. வங்கியில் கடன் கேட்டால் பல பேப்பர் கேட்பாங்க, நாலு நாள் அலையணும், அந்த நாலு நாளும் வியாபாரம் போகும். இவர் வாசலுக்கே வந்து பத்து நிமிஷத்தில் பணம் கொடுக்கிறார். அவசரத்துக்குத்தான் அந்தப் பத்து வட்டி. ஆனால் ஆயுத பூஜை அவசரமா? அது வருஷா வருஷம் வருவது காலண்டரிலேயே போட்டிருக்கு. ஸ்கூல் திறக்கிற மாசமும் அப்படித்தான், தீபாவளியும் அப்படித்தான். தெரிந்து வருகிற செலவுக்கும் அவசரக் கடனே வாங்குகிறோம்.

சட்டமும் இருக்கு. கந்துவட்டிச் சட்டம் என்று பேப்பரில் எழுதுறாங்களே, அந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-ல் வந்தது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அதில் இருக்கு. 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவாங்க, அங்கே போய்ச் சொல்லலாம். ஆனால் வெறும் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் வாங்கினது எவ்வளவு என்று நிரூபிக்கவே கஷ்டம். அதனால் தொகை எழுதாத எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது. கட்டி முடித்ததும் அந்த நோட்டைத் திருப்பி வாங்கிடணும்.

அம்மா என்ன செய்தாங்க என்று கேட்பீங்க. மகளிர் குழுவில் கேட்டாங்க. 1989-ல் தமிழ்நாட்டில் அரசு இந்த சுயஉதவிக் குழுக்களை முதன்முதலில் ஆரம்பித்தது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மா குழுவில் நூற்றுக்கு ஒரு வட்டி. கூட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதாச்சு. கேட்ட 5,500-ம் கிடைக்கவில்லை, 4,000தான் கொடுத்தாங்க. மாதம் ஆயிரம் ரூபாய் அசல், மீதி இருக்கிற கடனுக்கு மட்டும் வட்டி. 40, 30, 20, 10. நாலு மாதத்துக்கும் சேர்த்து வட்டி 100 ரூபாய். அந்த நூறும் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் சேர்ந்த பணத்துக்கே போகுது.

ஆயுத பூஜை அன்று அம்மா பூ மத்தியானமே தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரங்க சாயங்காலம் வரை விற்றாங்க. "உன் கணக்கைக் கேட்டு வியாபாரத்தை விட்டேன் பாரு" என்று அம்மா என்னைத் திட்டினாங்க. நான் பதில் பேசவில்லை. பழைய தண்டல் முடிந்த அன்று நூறு கையெழுத்தும் நிறைந்த அந்த அட்டையை வாங்கி என் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். பார்க்க வேணும் என்பவர்கள் கேளுங்க, காட்டுகிறேன்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 20,000 ரூபாய் கடன். "ஆண்டுக்கு 12 சதவீதம்தான், ஒரு வட்டிதான்" என்று சொல்லி, 2,400 ரூபாய் வட்டியையும் அசலோடு சேர்த்து 12 சம தவணையாகப் போடுறாங்க. உண்மையிலேயே ஒரு வட்டிதானா? முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் மட்டும் பாருங்க. விடையைக் கீழே தலைகீழாக எழுதியிருக்கேன். முதலில் நீங்களே போட்டுப் பாருங்க.

(விடை: ஒவ்வொரு மாதமும் வட்டி 200 ரூபாய். முதல் மாதம் நம் கையில் 20,000 இருக்கு, அதனால் ஒரு வட்டி. கடைசி மாதம் கையில் மீதி இருக்கிற அசல் சுமார் 1,667தான், அதுக்கும் அதே 200. பன்னிரண்டு வட்டி!)