திரியை இறக்கினால் தூக்கம், ஏற்றினால் விடியல்: படுக்கையறை விளக்குக்கு 12 குறிப்புகள்

என் பாட்டி இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரிக்கேன் விளக்கின் திரியை இறக்கி, கூடத்து மூலையில் தரையோரமாக வைத்துவிடுவார். யாரும் யாரையும் தூங்கச் சொல்ல வேண்டியதில்லை. அறை மங்க மங்கக் கண் தானாகச் சொருகும். இன்று திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் படுக்கையோரம் எரிவது ஸ்மார்ட் பல்பு. சொல்லி வைத்தால் அதுவும் திரியை இறக்கும், விடியும்போது ஏற்றும். சொல்லி வைக்காவிட்டால் அதுவும் சாதாரண பல்புதான். வாங்குவதிலிருந்து பழகுவது வரை, பயன்படுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டவை இவை.

1. அட்டையில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 6500 கெல்வின் என்றால் பளீர் வெள்ளை, சமையலறைக்கு நல்லது. படுக்கையோரத்துக்கு 2700 கெல்வினோ அதற்குக் கீழோ வேண்டும். கார்த்திகையில் மலையுச்சியில் 11 நாள் எரிகிற மகாதீபத்தின் செம்மஞ்சளை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் போகப் போக நல்லது. பார்வைக்கான செல்கள் போக, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் தனிச் செல்களும் நம் விழித்திரையில் உண்டு. 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி பட்டால் அவை பகல் என்றே சொல்லும். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். ஏரிப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இன்னொரு லாபம்: மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சிகளும் குறைவாகவே வரும்.

2. பெரிய பல்பு வேண்டாம். 9 வாட்ஸ் எல்இடி ஏறத்தாழ 900 லூமென் தரும். அது ஒரு அறைக்கான வெளிச்சம். தலைமாட்டுக்கு 200 முதல் 400 லூமென் தாராளம்.

3. விளக்கைக் கீழே இறக்குங்கள். படுத்திருப்பவர் கண்ணுக்கு நேரே கூரையில் விளக்கு இருந்தால், எவ்வளவு மங்கலாக்கினாலும் கூசும். கட்டில் உயரத்துக்குக் கீழே, சுவரைப் பார்த்தபடி வையுங்கள். பல்பு தெரியக் கூடாது, சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் தெரிய வேண்டும்.

4. திரியை மூன்று படியாக இறக்குங்கள். பத்து மணிக்குப் படுப்பவர் எட்டு மணிக்குப் பாதி, ஒன்பதுக்குக் கால், ஒன்பதே முக்காலுக்கு ஐந்து சதவீதம் என்று செயலியில் நேரம் குறித்துவிடலாம். படுப்பதற்கு முந்திய மூன்று மணி நேரம், உடல் கடிகாரத்தைத் தொடும் வெளிச்சம் கண்ணளவில் 10 லக்ஸுக்குள்ளும், தூங்கும்போது 1 லக்ஸுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று 2022-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து பரிந்துரைத்தார்கள். தலைமாட்டு விளக்கை மங்கலாக்கிவிட்டுக் கூடத்து டியூப்லைட்டின் கீழே உட்கார்ந்திருந்தால் பயன் இல்லை. எட்டு மணிக்கு மேல் அதையும் அணையுங்கள்.

5. கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்று முதல் நாளே பாருங்கள். பல்பு வாங்கிய வாரம், ஒரு நாள் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. குழந்தை அலறிக்கொண்டு எழுந்தாள். மறுபடி தூங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பல பல்புகளில் இதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. கரண்ட் வந்ததும் அணைந்தே இருக்கட்டும், அல்லது பழைய நிலைக்கே திரும்பட்டும் என்று மாற்றிவிடலாம். இந்த வசதி உண்டா என்று கடையிலேயே கேளுங்கள். நம் ஊருக்கு இதுதான் முக்கியம்.

6. சுவர் சுவிட்சை யாரும் அணைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அணைத்துவிட்டால் காலையில் பல்பால் தானாக எரிய முடியாது. எங்கள் அத்தைக்கு அறையை விட்டு வரும்போது சுவிட்சைத் தட்டிவிட்டு வருவது வாழ்நாள் பழக்கம். அதைக் குறை சொல்லாமல், கட்டிலோரம் ஒட்டிக்கொள்ளும் சிறிய ரிமோட் பொத்தான் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். இப்போது அத்தை அதைத்தான் அழுத்துகிறார். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி திருகும் டிம்மர் இருக்கும் பாயிண்டில் மட்டும் ஸ்மார்ட் பல்பு போடாதீர்கள். சிமிட்டும், சீக்கிரம் கெட்டும் போகும்.

7. வைஃபை இணையவில்லையா? பெரும்பாலான பல்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். ரவுட்டரில் இரண்டு பெயர் தெரிந்தால் 5 ஜி என்று இல்லாத பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

8. நீல ஜீரோ வாட்ஸ் பல்பைக் கழற்றுங்கள். பல வீடுகளில் இரவெல்லாம் எரிவது இதுதான். பழைய கண்ணாடி பல்பு என்றால் பெயர்தான் ஜீரோ, 10 முதல் 15 வாட்ஸ் வரை இழுக்கும். வெளிச்சம் இல்லாமல் முடியாது என்பவர்கள் சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில் அரை வாட்ஸ் எல்இடி போட்டுக்கொள்ளலாம்.

9. இரவில் எழும் பெரியவர்களுக்குக் கட்டிலுக்கு அடியில் வெளிச்சம் வையுங்கள். காலைத் தரையில் ஊன்றியதும் தானாக எரியும் சென்சார் விளக்கு, மஞ்சள் நிறத்தில், முழங்காலுக்குக் கீழே. வழி தெரியும், தடுக்காது, தூக்கமும் முழுதாகக் கலையாது.

10. பௌர்ணமிக்கு இரட்டைத் திரை. நிலா வெளிச்சம் அரை லக்ஸ்கூட இல்லை, அது தூக்கத்தைக் கெடுக்காது. கிரிவலக் கூட்டத்தை ஏற்றி இறக்க விடிய விடிய வேலூர் சாலையில் போகும் பேருந்துகளின் விளக்குதான் ஜன்னலில் ஏறி இறங்குகிறது. இருக்கிற திரைக்கு உட்புறம் அடர்நிறக் காடாத் துணி ஒன்று தைத்தால் போதும். ஆனால் அந்தத் திரை காலை வெளிச்சத்தையும் மறைக்கும். அதற்குத்தான் அடுத்த குறிப்பு.

11. அலாரத்துக்கு அரை மணி முன்பே விடியட்டும். ஐந்தரைக்கு எழ வேண்டுமானால் ஐந்து மணிக்கு ஒரு சதவீதத்தில் தொடங்கி, அரை மணியில் முழு வெளிச்சத்துக்கு ஏறும்படி வையுங்கள். முதலில் செம்மஞ்சள், கடைசியில் வெள்ளை. அலாரம் அடிப்பதற்குள் தூக்கம் லேசாகியிருக்கும். நம் ஊரில் ஜூன் தொடக்கத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஜனவரி கடைசியில் ஆறரை தாண்டும். பனிக்காலத்தில் இருட்டிலேயே டியூஷனுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

12. எழுந்ததும் வாசலுக்குப் போங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களை வைத்து உடல் கடிகாரத்தை ஆராய்ந்தவர். மனிதர்களைக் கடிகாரமும் சூரியனும் தெரியாத அறையில் தங்கவைத்துப் பார்க்கும் வசதியும் அங்கே இருந்தது. இத்தகைய ஆய்வுகள் காட்டியது இதுதான்: நம் உடலின் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். தினமும் காலை வெளிச்சம் பட்டால்தான் அது சரியாகத் திருப்பப்படும். வீட்டுக்குள் டியூப்லைட் தருவது இருநூறு முந்நூறு லக்ஸ். வெயில் ஏறியதும் வெளியே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். வாசல் தெளித்துக் கோலம் போடும் அரை மணி நேரம் இரவுத் தூக்கத்துக்கும் சேர்த்துத்தான். அந்த வேலையை வீட்டில் எல்லோரும் முறை வைத்துச் செய்யலாம்.

ஸ்மார்ட் பல்பு வாங்க வசதி இல்லாதவர்கள் 1, 3, 8, 12 ஆகிய நான்கையும் செய்தாலே ஒரு வாரத்தில் மாற்றம் தெரியும். இவ்வளவும் செய்து, வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் வராமல் மூன்று மாதமாகத் தவிப்பவர்களும், உரத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களும் பல்பை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவர்கள் இன்று இரவு எட்டு மணிக்குக் கூடத்து டியூப்லைட்டை அணைத்துத் தொடங்குங்கள். பாட்டி திரியை இறக்கியதும் ஏறக்குறைய அதே நேரத்துக்குத்தான்.