இரண்டு கிட்டார், இரண்டு குரல்

கேள்வி: அமெரிக்க நாட்டுப்புற இசை ஜோடியான கில்லியன் வெல்ச் - டேவிட் ராலிங்ஸின் பல பாடல்களில் டிரம்ஸே இல்லை. ஆனாலும் வெறுமை தெரிவதில்லையே, எப்படி?

பதில்: இருவரும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் விதம்தான் காரணம். வெல்ச் கிட்டாரில் தாளத்தையும் கீழ்ஸ்வரங்களையும் பிடித்துக்கொள்கிறார். ராலிங்ஸ் 1935-இல் தயாரான சிறிய எபிஃபோன் ஒலிம்பிக் கிட்டாரில் வரிகளுக்கு இடையே இழையோடுகிறார். அதன் கூர்மையான நாதம் வெல்ச்சின் கிட்டாரோடு மோதாமல் தனித்துக் கேட்கிறது. குரல்களோ ஸ்டான்லி சகோதரர்கள் போன்ற பழைய ஜோடிகளின் வழியில் நெருங்கி இணைகின்றன.

பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் சந்தித்த இவர்கள் பிறகு நாஷ்வில்லில் குடியேறினார்கள். முதல் ஆல்பம் ‘ரிவைவல்’ 1996-இல் வந்தது. பின்னர் சொந்த நிறுவனம் தொடங்கி, 2001-இல் ‘டைம் (தி ரெவலேட்டர்)’ வெளியிட்டார்கள். ‘வுட்லேண்ட்’ ஆல்பத்துக்கு 2025-இல் சிறந்த நாட்டுப்புற ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. கால் நூற்றாண்டைத் தாண்டியும் அவசரமில்லாத அந்த இசையை இவர்கள் கைவிடவில்லை; அதுவே என்னை வணங்க வைக்கிறது.

2001 ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘ஐ ட்ரீம் எ ஹைவே’ 14 நிமிடங்களைத் தாண்டும். இடையில் நிறுத்தாமல் முழுதும் கேளுங்கள்.